கறுப்புக் கண்ணாடியும் ஐந்நூறு ரூபாயும்

சென்ற சித்திரையில் ஒரு நாள் காலை. பதினோரு மணி இருக்கும். வண்டியூரிலிருந்து அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு மதுரைக்குள் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சாலைச் சந்திப்பில் வெள்ளைச் சட்டைக் காவலர் ஒருவர் கையை நீட்டினார். நான் வேகமாகப் போகவில்லை. சிவப்பு விளக்கைத் தாண்டவில்லை. இடுப்பு வாரும் போட்டிருந்தேன். ஆகவே, கொஞ்சம் கௌரவமான முகத்தோடு கண்ணாடியை இறக்கி, "என்ன சார்?" என்று கேட்டேன்.

"கண்ணாடியை இறக்குனீங்க பாருங்க, அதுதான் சார் விஷயம்" என்றார் அவர். "இறக்குற வரைக்கும் உள்ளே யார் இருக்கான்னே தெரியல. பிலிம் ஒட்டியிருக்கீங்க."

கையிலிருந்த சின்ன இயந்திரத்தில் எதையோ தட்டினார். ஐந்நூறு ரூபாய் என்றார். எனக்குக் கோபம் வந்தது. "எங்கம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கு. வெயில் கூசுதுன்னுதான் ஒட்டினேன்" என்றேன். அவர் குனிந்து பின்னால் பார்த்தார். அம்மா டாக்டர் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா கண்ணுலதான் கண்ணாடி இருக்கே சார். காருக்கு எதுக்கு?" என்று கேட்டார்.

நான் ஒரு கதாசிரியன். பாத்திரங்களுக்குப் பதில் எழுதிக் கொடுப்பது என் தொழில். அன்றைக்கு எனக்கு ஒரு பதிலும் கிடைக்கவில்லை. பணத்தைக் கட்டிவிட்டுப் புறப்பட்டேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து அம்மா, "அந்தத் தம்பி கேட்டதும் நியாயந்தானடா" என்றாள்.

அந்த 'நியாயந்தானடா' என்ற சொல் பல நாள் என்னைத் தொந்தரவு செய்தது. அபராதம் சரியா, தவறா என்பது சின்னக் கேள்வி. சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும். 'பொதுச் சாலையில் போகிற ஒருவன் தான் எல்லோரையும் பார்த்துக்கொண்டு, தன்னை யாரும் பார்க்க முடியாதபடி இருக்கலாமா?' என்பதுதான் பெரிய கேள்வி. அதைப் பற்றித்தான் இங்கே வாசகர்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

முதலில் சின்னக் கேள்வியை முடித்துவிடலாம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் தம்மேல் விழும் வெளிச்சத்தில் 70 சதவீதத்தையாவது உள்ளே விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையாவது விட வேண்டும் என்று அது சொல்கிறது. நிறக் கண்ணாடியே கூடாது என்று விதி சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இவ்வளவுக்குமேல் இருட்டாக்காதே என்றுதான் சொல்கிறது.

விதி இருந்ததே தவிர, அதை மதித்தவர்கள் குறைவு. பிறகு ஒரு பொதுநல வழக்கு உச்சநீதிமன்றத்துக்குப் போயிற்று. 2012 ஏப்ரல் 27-ஆம் தேதி தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா தலைமையில் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். கண்ணாடி தயாரிக்கும்போதே விதிப்படி இருந்தால் இருக்கட்டும். அதன்மேல் எவ்வளவு சதவீதமானாலும் சரி, பிலிம் என்று எதையும் ஒட்டக் கூடாது என்றார்கள். அந்த ஆண்டு மே 4-ஆம் தேதியிலிருந்து அது அமலுக்கு வந்தது. பல ஊர்களில் நடுச்சாலையிலேயே பிலிமைக் கிழித்தெறிந்தார்கள்.

'எவ்வளவு சதவீதமானாலும்' என்பது கடுமையாகத் தோன்றலாம். அதிலே ஒரு கணக்கு இருக்கிறது. கார்க் கண்ணாடியே வெளிச்சத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். கண்ணாடி 70 பங்கு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 50 பங்கு விடுகிற பிலிமை ஒட்டினால், 70-இல் பாதி 35 தான் உள்ளே வரும். கடைக்காரர் "ஐம்பது சதவீத பிலிம் சார், சட்டப்படி சரி" என்பார். பிலிம் சரிதான், இரண்டும் சேர்ந்தால் சரியில்லை. என் விஷயத்தில் நடந்ததும் இதுதான். கடையில் இதைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "எல்லாரும் போடுறாங்க சார்" என்றார் ஒட்டிய பையன். அந்தச் சொல்லைவிடப் பெரிய சட்டம் நம் ஊரில் எது இருக்கிறது?

உலகநேரியில் உள்ள உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரிடம் என் ஐந்நூறு ரூபாய்த் துயரத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எழுத்தாளரே, கதை அங்கே முடியவில்லை" என்றார். 2020-இல் அந்த 100-ஆவது விதியைத் திருத்தினார்கள். 2021 ஏப்ரலிலிருந்து, வெறும் பாதுகாப்புக் கண்ணாடி மட்டுமல்லாமல், உட்புறம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடியும் விதியில் இடம்பெற்றது. அதைக் காட்டி, 2024 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், 70-க்கும் 50-க்கும் குறையாமல் வெளிச்சம் விடுகிற, தர நிர்ணயத்துக்கு உட்பட்ட பிலிமை ஒட்டுவது குற்றமல்ல என்று சொல்லிவிட்டது. செங்கோட்டையைத் தாண்டினால் ஒரு நியாயம், இந்தப் பக்கம் வந்தால் ஒரு நியாயம் என்பதுபோல் ஆகிவிட்டது. "ஆனால், உன் பிலிம் அங்கேயும் தப்புத்தான். கேரளத்திலும் அளவு அளவுதான்" என்று நண்பர் என் கடைசி நம்பிக்கையையும் பிடுங்கிக்கொண்டார்.

ஆகச் சட்டத்தின்படி நான் குற்றவாளி. மோட்டார் வாகனச் சட்டத்தில் இம்மாதிரிப் பொதுவான மீறல்களுக்கு முன்பு 100 ரூபாய்தான் அபராதம். 2019-இல் செய்த திருத்தம் அதை முதல் தடவைக்கு 500 என்றும் மறுபடி செய்தால் 1,500 என்றும் ஆக்கிவிட்டது. சின்னக் கேள்வி இத்துடன் முடிந்தது.

இனிப் பெரிய கேள்வி. நண்பர் வக்கீல் ஆதலால், குற்றவாளிக்காகவும் வாதாடினார். "மறைவு என்பது மனிதனுக்கு ஓர் உரிமை இல்லையா? உன் வீட்டு ஜன்னலுக்குத் திரை போடுகிறாய். அதற்கு அபராதம் உண்டா? ஒரு பெண் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறாள். சிக்னலில் நிற்கும்போது நாலு பேர் உற்றுப் பார்க்கிறார்கள். அவள் தன்னை மறைத்துக்கொள்ளக் கூடாதா? பிரிட்டனைப் பார். முன்கண்ணாடிக்கு 75 சதவீதம், ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடிக்கு 70 சதவீதம் என்று நம்மைவிடக் கண்டிப்பாக இருக்கிறார்கள். ஆனால் பின்இருக்கைக் கண்ணாடியை நீ எவ்வளவு கறுப்பாக வைத்துக்கொண்டாலும் கேட்பதில்லை. ஓட்டுகிறவன் முகம் தெரிந்தால் போதும், பின்னால் இருப்பவன் பாடு அவனோடு என்று விட்டுவிட்டார்கள்."

வாதம் பலமானதுதான். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. உற்றுப் பார்க்கிற நாலு பேரைத் திருத்த முடியாத சமூகம், பார்க்கப்படுகிறவளிடம் போய், 'நீ மறைந்துகொள்ளாதே' என்று உபதேசம் செய்வதில் ஒரு கொடுமை இருக்கிறது. நம் முன்னோரிடமும் திரை போட்ட வண்டிகள் இருந்தன. ஜமீன் வீட்டுப் பெண்கள் மூடிய வண்டியில் போனார்கள். மறைந்து போவது அன்று அந்தஸ்தாக இருந்தது. அதே தெருவில் வயலுக்குப் போன பெண்ணுக்கு அந்தத் திரை கிடையாது. அவள் வெயிலிலும் பார்வையிலும் நடந்தே போனாள். இதையும் மறந்துவிடக் கூடாது.

வீட்டுக்கும் சாலைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வீட்டுத் திரைக்குப் பின்னால் இருக்கிறவனால் தெருவில் போகிறவனுக்கு ஆபத்து இல்லை. காரில் போகிறவன் அப்படியல்ல. ஒரு டன் இரும்பை வேகமாக நகர்த்திக்கொண்டு, மற்றவர்களின் உடம்புக்குப் பக்கத்தில் போகிறான். அவன் மனம் என்ன நினைக்கிறது என்பது மற்றவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

எங்கள் ஊரில் சாலையை எப்படிக் கடக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். தலையில் கூடையோடு ஒரு பாட்டி வருகிறாள். அவளுக்குச் சிக்னலும் கிடையாது, வெள்ளைக் கோடும் கிடையாது. வருகிற வண்டியைப் பார்த்து ஒரு கையை நீட்டுகிறாள். ஓட்டுகிறவனின் முகத்தைப் பார்க்கிறாள். அவன் தலையை லேசாக அசைக்கிறான். அவள் நடக்கிறாள். அந்தத் தலையசைப்பில்தான் எத்தனையோ உயிர்கள் தினமும் அக்கரை சேர்கின்றன. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத ஒப்பந்தம். கண்ணாடியைக் கறுப்பாக்கியவன் இந்த ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடுகிறான். பாட்டி கையை நீட்டுகிறாள். எதிரே முகம் இல்லை, இரும்புதான் வருகிறது.

மோட்டார் சைக்கிளில் போகிறவனிடம் எனக்கு இந்தக் காரணத்தால் ஒரு மரியாதை உண்டு. வெயில், மழை, புழுதி, பிறர் பார்வை எல்லாம் அவன்மேல் நேராக விழுகின்றன. அவனும் உலகமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

நம் இலக்கியத்தில் இந்த விவகாரம் புதிதல்ல. இராமன் மரத்தின் பின்னால் மறைந்து நின்று வாலியின்மேல் அம்பு எய்தான். தமிழ்நாட்டில் எத்தனை பட்டிமன்றங்களில் இதை அலசியிருக்கிறோம்! வாலி செய்த குற்றங்கள் என்ன என்று பட்டியல் போட்டு ஒரு கட்சி இராமனைக் காப்பாற்றும். அவதார ரகசியம் சொல்லி இன்னொரு கட்சி காப்பாற்றும். கம்பனில் இலக்குவன் முன்வந்து, நேரே நின்றால் வாலியும் சரணம் என்று விழுந்திருப்பான், அதனால்தான் மறைந்து நின்றான் என்கிறான். இத்தனை சமாதானங்களுக்குப் பிறகும் கேட்கிறவன் நெஞ்சில் ஒரு முள் மிஞ்சிவிடுகிறது. அது என்ன? வாலியைக் கொன்றதில் அல்ல அந்த முள். யுத்தத்தில் கொலை நடக்கும். இராமன் வாலியைப் பார்த்தான், வாலி இராமனைப் பார்க்கவில்லை என்பதில் இருக்கிறது. இருவருக்கும் நடுவே பார்வை சமமாக இல்லை. பார்வை சமமாக இல்லாத இடத்தில் நியாயம் சொல்லுவது தெய்வத்துக்கே கஷ்டமாகிவிடுகிறது என்றால், நாமெல்லாம் எம்மாத்திரம்?

இதுவரை நான் நியாயவான்போல் பேசிவிட்டேன். இனி என் கதையைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், இந்தக் கட்டுரையும் ஒரு கறுப்புக் கண்ணாடிதான்.

போன ஆவணியில் அம்மாவின் வலது கண்ணில் புரை நீக்கினார்கள். அப்போதுதான் பிலிம் ஒட்டினேன். சில வாரங்களில் கூச்சம் போய்விட்டது. பிலிம் போகவில்லை. காரணம் போன பிறகும் சௌகரியம் நின்றுவிட்டது. அந்தக் காருக்குள் உட்கார்ந்தால் எனக்கு ஒரு சுகம் இருந்தது. வெயில் தணிந்தது ஒரு பங்குதான். அதுகூடக் கறுப்பினால் வந்த லாபம் அதிகமில்லை. சூரியனின் வெப்பத்தில் ஏறக்குறையப் பாதி, கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வருகிறது. அதைத் தடுக்க இருட்டு அவசியமே இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். மற்றப் பங்கு சுகம் வேறு. தெரிந்தவர்கள் எதிரே வந்தால் சிரிக்க வேண்டாம். சிக்னலில் கைநீட்டுகிறவர்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட வேண்டாம். அவர்கள் நீட்டுவது கண்ணாடியிடம், என்னிடம் அல்ல. குறுக்கே வந்த சைக்கிள்காரரை ஒரு தடவை நான் வாய்க்குள் திட்டிய சொல்லை இங்கே எழுத முடியாது. வெளியே தெரிகிற முகத்தோடு அதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஐப்பசியில் ஒரு மாலை. அடைமழை. ஒரு கல்யாண வரவேற்புக்காக வண்டியூரிலிருந்து புறப்பட்டேன். பஸ் நிறுத்தத்தில், கூரைக்குள்ளும் சாரல் அடிக்கிற இடத்தில், ஒரு பெரியவர் ஒண்டிக்கொண்டு நின்றார். எனக்கு அவரைத் தெரியும். என் முதல் கதைகள் அச்சானபோது மெய்ப்புத் திருத்தியவர். எனக்கு ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் சொல்லிக் கொடுத்தவர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட என் தமிழ் இன்று ஓரளவு பிழையில்லாமல் இருக்கிறதென்றால், அதில் பெரும்பங்கு அவருடையது. வேட்டியை முழங்காலுக்குமேல் மடித்துப் பிடித்துக்கொண்டு பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தியிருக்கலாம். அவர் ஏறினால் இருக்கை நனையும். வழியெல்லாம் பழைய கதை பேசுவார். அவர் வீடு எனக்கு வழியில்லை. இவ்வளவும் ஒரு விநாடியில் மனத்தில் ஓடின. அவற்றோடு இன்னொன்றும் ஓடியது: 'அவருக்கு என்னைத் தெரியாது.' காரின் வேகத்தைக் கூடக் குறைக்கவில்லை. போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து டீக்கடையில் அவரைச் சந்தித்தேன். காய்ச்சல் வந்து தேறிய முகம். "தம்பி, அன்னைக்கு மழையில உங்க காரு மாதிரியே ஒண்ணு போச்சு. கையைக் காட்டலாமான்னு நினைச்சேன். உள்ளே யாருன்னு தெரியல. அடுத்தவங்க காரை நிறுத்திப்பிட்டா சங்கடம் பாருங்க, விட்டுட்டேன்" என்றார்.

"நான் அன்னைக்கு வெளியிலேயே கிளம்பலையே ஐயா" என்றேன்.

பாருங்கள், கண்ணாடிக்குள் ஒரு தவறு. கண்ணாடிக்கு வெளியே வந்தும் ஒரு பொய். அவரை ஏற்றாமல் போனதைவிட, கை காட்டிக் கேட்கிற உரிமையையே அவரிடமிருந்து நான் பறித்துக்கொண்டதுதான் பெரிய தவறு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. முகம் தெரிந்திருந்தால் அவர் கேட்டிருப்பார். நான் மறுத்துக்கூட இருக்கலாம். மறுக்கிறவனுக்கும் ஒரு வெட்கம் இருக்கும். அந்த வெட்கம் மனிதனை மறுநாளாவது திருத்தும். நானோ கேள்வியே வராதபடி கதவைச் சாத்திக்கொண்டேன்.

கிரேக்க ஞானி பிளேட்டோ தம் 'குடியரசு' என்ற நூலில் ஒரு கதையை எடுத்தாள்கிறார். ஓர் இடையனுக்கு மோதிரம் ஒன்று கிடைக்கிறது. அதன் கல்லை உள்பக்கம் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அவ்வளவுதான், அரண்மனைக்குள் போய், அரசியைத் தன்வசமாக்கி, அரசனைக் கொன்று, நாட்டையே எடுத்துக்கொள்கிறான். இப்படி ஒரு மோதிரம் கிடைத்தால் நல்லவனும் கெட்டவனும் ஒரே மாதிரிதான் நடப்பார்கள் அல்லவா என்று கேள்வி எழுகிறது. இல்லை, நீதி என்பது பார்வைக்குப் பயந்து வருவதல்ல என்று காட்டத்தான் அந்தப் பெரிய நூல் முழுவதும் முயல்கிறது. வாலிபத்தில் இதைப் படித்தபோது எனக்கு அந்த இடையன்மேல் அருவருப்பு. இப்போது இல்லை. எனக்கு ராஜ்யம் கிடைக்கிற மோதிரம் கிடைக்கவில்லை. சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பிலிம் கிடைத்தது. அதற்கே மழையில் நின்ற ஒரு கிழவரை விட்டுவிட்டுப் போனேன்.

அப்படியானால் சட்டம் செய்தது முழுக்கச் சரிதானே என்று கேட்கலாம். அங்கேதான் நான் தயங்குகிறேன். எல்லோரும் பார்க்கப்பட வேண்டும் என்றால், எல்லோரும்தான் பார்க்கப்பட வேண்டும். 2012 தீர்ப்பு, உயிருக்கு ஆபத்துள்ள 'இசட்', 'இசட் பிளஸ்' பாதுகாப்புப் பெற்றவர்களுக்கு மட்டும், அதிகாரிகள் குழு ஒன்று ஆராய்ந்து விலக்குத் தரலாம் என்று இடம் விட்டது. அது நியாயமே. ஆனால் நம் சாலைகளில் கொடி கட்டிக்கொண்டு, இரவுபோல் கறுத்த கண்ணாடிகளோடு வரிசையாகப் போகிற வண்டிகளுக்கெல்லாமா உயிருக்கு ஆபத்து? எந்தக் கை அவற்றை ஓரமாக நிறுத்தியது?

இது வெறும் பொறாமைப் பேச்சல்ல. தீர்ப்பு வந்து எட்டு மாதம் நிரம்பவில்லை. 2012 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு, டெல்லியில் ஓடும் பஸ்ஸுக்குள் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையை நாடு மறக்காது. அந்த பஸ்ஸின் ஜன்னல்களில் கறுப்புக் கண்ணாடி இருந்தது, திரையும் இருந்தது. எந்த ஆபத்தை நினைத்து நீதிபதிகள் பிலிமைத் தடுத்தார்களோ, அதே ஆபத்து, அதே தலைநகரின் பெரிய சாலைகளில் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடி அந்தப் பாவத்தைச் செய்யவில்லை, மனிதர்கள் செய்தார்கள். ஆனால், வெளியே போன ஆயிரம் கண்களுக்கும் அந்த பஸ் வெறும் பஸ்ஸாகவே தெரிந்தது. என்னைப்போல் அம்மாவைக் கூட்டிப் போகிறவனிடம் ஐந்நூறு ரூபாய் வாங்குகிற கை, அந்த மாதிரி வண்டிகளையும் நிறுத்தினால்தான் சட்டத்துக்கு அர்த்தம் உண்டு.

இன்னொரு தயக்கமும் எனக்கு உண்டு. 70 என்றும் 50 என்றும் சட்டம் எண்ணைச் சொல்கிறது. என்னை நிறுத்தியவர் எதைக் கொண்டு அளந்தார்? கண்ணைக் கொண்டு. அன்று அவர் கண் தவறவில்லை, நான் குற்றவாளிதான். ஆனால் தொழிற்சாலையிலிருந்தே லேசான நிறத்தோடு வந்த கண்ணாடியை இன்னொருவர் கண் கறுப்பு என்று சொல்லிவிட்டால், வண்டிக்காரர் யாரிடம் போய் முறையிடுவார்? பிரிட்டனில் இதற்கென்று ஒரு கருவியைக் கண்ணாடியில் வைத்து அளந்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். அளவைச் சொல்லுகிற சட்டம் அளவுகோலையும் கையில் கொடுக்க வேண்டும். மதுரைக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு சிலம்பை உடைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னதற்காக எரிந்த ஊர் எங்கள் ஊர். உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்று பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பாண்டியன் கெட்டவன் அல்ல. அளக்காமல் நம்பிவிட்டான், அவ்வளவுதான். தப்பை உணர்ந்ததும் உயிரையே விட்டான். இன்றைக்கு அந்த அளவுக்கு யாரையும் எதிர்பார்க்க முடியாது. ஒரு கருவியையாவது எதிர்பார்க்கலாம் அல்லவா?

அபராதம் கட்டிய மறுநாளே பிலிமை எடுக்கக் கொடுத்தேன். வெந்நீர் ஊற்றி, மெல்ல உரித்து, பசையைச் சுரண்டினான் அந்தப் பையன். ஒட்டியவனும் அவனே. "ஒட்டுறதைவிட எடுக்கிறதுதான் சார் வேலை அதிகம்" என்றான். அந்த வாக்கியத்தை அவன் என்ன நினைத்துச் சொன்னானோ, எனக்கு உறைத்தது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பிலிமை நான் எடுத்தது மனச்சாட்சியினால் அல்ல. மறுபடி பிடித்தால் 1,500 ரூபாய் என்ற பயத்தினால்தான். சட்டம் மனிதனை நல்லவனாக்கிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால், நல்லவனாக நடக்கத் தோதான இடத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்த அதனால் முடியும். கண்ணாடி வெளுத்த பிறகு என் கார் அந்த பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போதெல்லாம் என் கால் தானாக வேகத்தைக் குறைக்கிறது. நிற்கிறவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். பாதி நாள் யாராவது ஏறிக்கொள்கிறார்கள். இருக்கை நனையத்தான் செய்கிறது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கி, எங்கள் வண்டியூருக்கு வந்து வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்குகிறார். வழியெல்லாம் நிற்பார், திரும்புவார், மண்டகப்படி மண்டகப்படியாக நுழைவார். ஏன் இவ்வளவு தாமதம் என்று சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "நாம பாக்குறதுக்கு மட்டுமா வர்றாரு? அவரு நம்மளப் பாக்கவும்தானடா வர்றாரு" என்பாள். பார்ப்பதும் பார்க்கப்படுவதும் சேர்ந்ததுதான் தரிசனம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்தக் கட்டுரையை அந்தப் பெரியவர் படிப்பார். என் எழுத்து எது வந்தாலும் பென்சிலோடு உட்கார்ந்து படிப்பது அவர் வழக்கம். அன்று மழையில் போனது என் கார்தான் என்பதை அவரிடம் நேரில் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன். ஒற்றுப்பிழை ஏதாவது இருந்தால், அவர் அதையும் குறித்துக்கொண்டு வரட்டும்.